துப்பில்லாதவர்களின் வேலையா?

கேள்வி: ஊரறிந்த பழைய பாட்டுகளை எடுத்து, நடுவில் ஒரு கதையைச் செருகி, 'மம்மா மியா' மாதிரி மேடையேற்றுகிறார்கள், படமும் எடுக்கிறார்கள். புதிதாக ஒரு மெட்டுப் போடத் துப்பில்லாதவர்களின் வேலைதானே இது?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அப்படியானால் நமது நாடக வாத்தியார்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், பாட்டுக்கு மேலே 'வர்ணமெட்டு' என்று போட்டு, ஏற்கெனவே சனங்களின் வாயில் இருந்த வேறொரு பாட்டின் முதலடியை அச்சிட்டிருப்பார்கள். லண்டனில் 1728இல் ஜோன் கே எழுதிய 'த பெகர்ஸ் ஒபரா' என்ற இசை நாடகமும் தெருவில் கேட்ட மெட்டுகளில்தான் ஓடியது. 'சிங்கிங் இன் த ரெயின்' 1952இல் வந்த படம். அதன் தலைப்புப் பாட்டோ 1929இலேயே இன்னொரு படத்தில் வந்துவிட்டது. ஜீன் கெலி மழையில் நனைந்து ஆடும்போது அது யாருக்கு ஞாபகம் வருகிறது?

சுவீடனின் 'அபா' பொப் குழுவின் பாட்டுகளைக் கோர்த்து 1999இல் லண்டனில் மேடையேறிய 'மம்மா மியா' எனக்கு முழுதாகப் பிடித்ததென்று சொல்லமாட்டேன். பல இடங்களில் அடுத்த பாட்டுக்காகவே ஆட்கள் ஓடிவருகிறார்கள். ஆனால் ஓரிடம் உண்டு. 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' பாட்டில், காலையில் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் புறப்படும் மகளைப் பார்த்து, பிள்ளை கைநழுவிப் போகிறாளே என்று தாய் உருகுகிறாள். அதே பாட்டை நாடகத்தில், கல்யாண நாளன்று மகளுக்கு உடுப்புப் போட்டுவிட்டபடி தாய் பாடுகிறாள். வேலை அங்கேதான் இருக்கிறது: யார், யாரிடம், எந்த நேரத்தில் பாடுவது என்று பிடிப்பதில்.

நீங்கள் திட்டவேண்டியவர்கள் வேறு. 'இசை நாடகம்' என்று டிக்கெட் விற்றுவிட்டு, இரண்டு வசனத்துக்கு ஒருமுறை கரோக்கே போடுகிறார்களே, அவர்களைத் திட்டுங்கள். நானும் கூட வருகிறேன்.

நமக்குத்தான் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை இருக்கிறதே! நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை எடுங்கள். சின்ன மகள் எங்கே என்று மருமகன் கேட்க, மாமி பதில் சொல்கிறாள். பாதி நாடகம் அதிலேயே கிடக்கிறது. ஊர் வளவுக்குள் கேட்டால் குறும்பு. அதையே உங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியில், மகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் மாமியிடம் ஒருவன் கேட்கட்டும். மாமி என்ன பாடுவாள்? அதை எழுதிக்கொண்டு வாருங்கள், பிரசுரிக்கிறேன். மேடையேற்றுவதென்றால், பாட்டின் உரிமை யாரிடம் என்று விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.