கொழும்புப் பச்சைக்கல் மரகதமா, எகனைட்டா?

கேள்வி: கொழும்புக்குக் கொண்டுவிற்க (வியாபாரம் செய்ய) போன ஐயா வாங்கிவந்த பச்சைக்கல் ஒன்று பெட்டகத்தில் இருக்கிறது. மரகதம் என்றே நினைத்திருந்தோம். காரைக்குடி நகைப் பத்தர், "எகனைட்டாக இருந்தால் கதிர் வீசும்" என்கிறார். மோதிரம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எகனைட் கால்சியமும், கதிர்வீசும் உலோகமான தோரியமும் சேர்ந்த அபூர்வ சிலிகேட் கனிமம். எடையில் கால் பங்குக்கு மேல் தோரியம் ஆக்சைடு. இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொடவில் 1953இல் ஏகநாயக்க என்பவர் கண்டெடுத்தார். புதுக் கனிமமாகப் பதிவானது 1961இல்தான். ஐயா அதற்குமுன் வாங்கியிருந்தால் பழைய ரசீதில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை.

முதலில் அடர்த்தி பாருங்கள். கல் பதிக்காததாக இருக்கவேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் கல்லை நிறுங்கள், 1.64 கிராம் என்று வையுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 0.50 காட்டினால், 1.64ஐ 0.50ஆல் வகுக்க 3.28. எகனைட் இந்த அளவுதான். மரகதம் 2.7 அருகே நிற்கும், அந்தச் சந்தேகம் அங்கேயே தீரும். கல்லில் ஒட்டும் காற்றுக்குமிழிதான் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள்.

தராசு 0.01 பிசகினாலே விடை 3.35 ஆகிவிடும், அது பெரிடாட் என்ற இன்னொரு பச்சைக்கல்லின் அளவு. எனவே 10 மடங்கு லென்ஸில் மேல்பட்டை வழியாக அடிப்பட்டைகளின் ஓரங்களைப் பாருங்கள். பெரிடாட்டில் ஓரம் இரட்டையாகத் தெரியும். எகனைட்டில் ஒற்றைதான்: தோரியத்தின் கதிரே படிக ஒழுங்கை உள்ளிருந்து குலைத்து, கல்லைக் கண்ணாடி போலாக்கிவிட்டது. நிஜக் கண்ணாடியும் ஒற்றையாகத்தான் காட்டும் என்பது தொல்லை. உள்ளே உருண்டைக் குமிழிகள் இருந்தால் கண்ணாடி என்ற பக்கம் சாயலாம்.

முடிவு சொல்ல ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் வேண்டும். ஒளிவிலகல் எண் 1.60ஐ ஒட்டியும், கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் கருவி விடாமல் சடசடத்தும் இருந்தால் எகனைட். கெய்கரை மட்டும் நம்பாதீர்கள், பழைய யுரேனியக் கண்ணாடியும் சடசடக்கும்.

அதுவரை பட்டை தீட்டவோ சாணை பிடிக்கவோ கொடுக்காதீர்கள்; தூள் மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. கல் வீசும் கதிர்களில் ஆல்ஃபாவைத் தாளே தடுத்துவிடும், ஊடுருவும் காமாவைத் தடுக்காது. 10 செ.மீ. தள்ளி இருப்பதைவிட 1 மீட்டர் தள்ளி இருந்தால் கதிர் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. மூடிய சிறு புட்டியில் போட்டு, "தோரியக் கல், நகையில் பதிக்கக்கூடாது" என்று சீட்டு ஒட்டி, ஆள் படுக்காத அறைப் பெட்டகத்தில் வையுங்கள்.