குனிந்த பிணம்

கேள்வி: ஜாம்பி (செத்தும் நடமாடும் பிணம்) தொடர்கதை எழுதி வருகிறேன். 40 அத்தியாயம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் பயந்த வாசகர்கள் இப்போது சிரிக்கிறார்கள். என் ஜாம்பிகளை ஓட விடலாமா, பறக்க விடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பறக்க விட்டால் அப்புறம்? நீந்த விடுவீர்களா? நீங்கள் அனுப்பிய கதையை உட்கார்ந்து முழுதும் படித்தேன். கடைசி மூன்று அத்தியாயத்தில் மட்டும் உங்கள் நாயகன் 27 ஜாம்பிகளை வெட்டுகிறான். எண்ணித்தான் சொல்கிறேன். இருபத்தேழாவதை வெட்டும்போது பாட்டு முணுமுணுக்கிறான். அவனுக்கே பயமில்லை, படிக்கிறவனுக்கு எங்கிருந்து வரும்?

ஓட்டமெல்லாம் 2002-லேயே ‘28 டேஸ் லேட்டர்’ படத்தில் பார்த்தாயிற்று. அதுவும் பழகிவிட்டது.

‘த வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடர் 2010 முதல் 2022 வரை 11 சீசன் ஓடியது. நடுவில் கொட்டாவி விட வைத்த சீசன்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் சீசனைப் பாருங்கள். சோபியா என்ற சிறுமி தொலைந்துபோகிறாள். எபிசோடு எபிசோடாகத் தேடுகிறார்கள். இதற்கிடையில் பண்ணைக்காரர் ஒருவர், ஜாம்பிகளை வெறும் நோயாளிகள் என்று நம்பி, கொட்டகையில் அடைத்துக் கோழி போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் கதவை உடைக்கிறார்கள். வெளியே வர வர, திருவிழாவில் பலூன் சுடுவது போலச் சுட்டுத் தள்ளுகிறார்கள். கடைசியாக ஒரு சின்ன உருவம் தள்ளாடி வெளியே வருகிறது. சோபியா. அத்தனை துப்பாக்கியும் இறங்கிவிடுகிறது. அவள் ஓடவுமில்லை, பறக்கவுமில்லை. மற்ற ஜாம்பிகளின் அதே நடைதான்.

இன்னொன்று, ஒன்பதாம் சீசன். மூடுபனி, கல்லறைத் தோட்டம். ஒருவன் வழக்கம்போல வாளை வீசுகிறான். பிணம் குனிகிறது. எட்டு சீசனாக வாளுக்குக் குனியாத பிணம்! குனிந்து, அவன் முதுகில் கத்தியையும் செருகுகிறது. பார்த்தால், பிணத்தின் தோலை முகத்தில் மாட்டிக்கொண்ட மனிதன். அந்த ஒரு குனிதலுக்கு நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்றால், பிணம் குனியாது என்ற விதியை அதுவரை தொடரை எடுத்தவர்கள் கட்டிக் காத்ததுதான் காரணம். உங்கள் கதையில் ஐந்தாம் அத்தியாயத்தில் தாழ்ப்பாள்கூடத் திறக்கத் தெரியாத ஜாம்பி, பதினெட்டில் பூட்டையே திறக்கிறது. சாவி யார் கொடுத்தது?

சரி, ஒரு யோசனை. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 1978 ஜாம்பிப் படத்தில் பிணங்கள் ஷாப்பிங் மாலைச் சுற்றிச் சுற்றி வரும். உயிரோடு இருந்தபோது போய்வந்த பழக்கம். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் நாயகனுக்குக் கடனுக்குப் பால் ஊற்றிய பால்காரர் ஒருவர் இருந்தார். நீங்களே அவரை மறந்துவிட்டீர்கள். 41-இல் ஜாம்பியே வேண்டாம். விடியற்காலை நாலரை மணி. கேட்டில் பால் கேன் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்கட்டும். ஊரில் மாடு என்று ஒன்று இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகியிருக்கட்டும்.

நாயகன் கதவைத் திறப்பதற்குள் ‘தொடரும்’ போட்டுவிடுங்கள்.