‘சரி’ என்று தலையாட்டுகிற பையனுக்கு எந்த வேலை?

கேள்வி: என் அக்கா மகனுக்கு வயது 24. அக்கா இறந்ததிலிருந்து, பத்து வருஷமாக என்னிடம்தான் வளர்கிறான். அவனைச் சுமந்தபோது அக்காவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ‘ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர், கருவிலேயே மூளை பாதித்திருக்கிறது’ என்று டாக்டர் போன வருஷம்தான் சொன்னார். நன்றாகப் பேசுவான், யாரோடும் பழகிவிடுவான். அதனால் வேலை சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் நிலைக்க மாட்டேன் என்கிறது. சூப்பர் மார்க்கெட் பில்லிங்கில் இருபது நாள், கூரியரில் ஒரு மாதம். செல்போன் கடையில் கல்லாவில் பணம் குறைந்தது என்று பன்னிரண்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள். அவன் திருடவில்லை, எனக்குத் தெரியும். சோம்பேறி, பொய்யன் என்கிறார்கள். இவனுக்கு ஏற்ற வேலை எது?
பெயர் வேண்டாம், பெரம்பூர், சென்னை

பதில்: சகோதரி, ‘நன்றாகப் பேசுவான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அந்தப் பேச்சைப் பார்த்துத்தான் வேலை கொடுக்கிறார்கள். ‘இவ்வளவு பேசத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா’ என்று கோபப்பட்டு அனுப்புவதும் அந்தப் பேச்சை வைத்துத்தான். பேச்சுக்கு 24 வயசு, ஆனால் நேரக் கணக்குக்கும் பணக் கணக்குக்கும் பத்துப் பன்னிரண்டு வயசுதான் இருக்கும். தாய் குடித்த மது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், மூளையில் திட்டமிடுகிற, வரிசைப்படுத்துகிற, ஞாபகம் வைக்கிற இடங்களைக் கெடுத்துவிடுகிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், ஆகாது. அமெரிக்காவில் சியாட்டிலில் இப்படிப்பட்ட 415 பேரை ஆராய்ந்து 1996-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டு பேருக்கு வேலையில் பிரச்சினை இருந்தது. அத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியுமா? பொய் என்பதும் பெரும்பாலும் பொய்யில்லை. நடந்தது ஞாபகம் வராமல், நடுவில் விட்டுப்போன இடத்தை மனசே ஏதோ ஒன்றால் நிரப்பிவிடுகிறது, அவனும் அதை நம்பித்தான் சொல்கிறான்.

வேலைப் பயிற்சி தருகிற ஒரு இடத்தில் நான் சில வருஷம் இருந்தேன். இதே பாதிப்புள்ள ஒரு பையனை இட்லி மாவு பாக்கெட் போடும் இடத்தில் சேர்த்துவிட்டு, முதல் வாரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன். கவரைப் பிரித்து, மாவை ஊற்றி, எடை மிஷினில் வைத்து, ஒரு கிலோ காட்டியதும் சீல் போட்டு, டிரேயில் இருபது அடுக்குவான். ஒன்றுகூடத் தப்பாது. புதன்கிழமை முதலாளி வந்து, ‘இன்னைக்கு அரைக் கிலோ முதல்ல போடு, அப்புறம் ஒரு கிலோ, நடுவுல வண்டி வந்தா காலி டிரே இறக்கிடு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். ‘சரிண்ணா’ என்று சிரித்தான். போன பிறகு கையில் கவரோடு அப்படியே நின்றான், ஐந்து நிமிஷம். அந்த ‘சரி’க்கு அர்த்தம் புரிந்தது என்பது அல்ல, உங்களைக் கோபப்படுத்த விரும்பவில்லை என்பதுதான். மறுநாளிலிருந்து அரைக் கிலோ நாளுக்குப் பச்சை டிரே, ஒரு கிலோ நாளுக்கு நீல டிரே, சொல்வதற்கு ஒரே ஒரு அக்கா என்று மாற்றினோம். வேலை நிலைத்தது.

அதனால் வேலையின் பெயரைத் தேடாதீர்கள், அது நடக்கிற விதத்தைப் பாருங்கள். தினமும் ஒரே வேலை, ஒரே வரிசை, சொல்ல ஒரே ஆள், கையில் பணம் புரளக் கூடாது, இரைச்சலும் கூட்டமும் குறைவாக இருக்க வேண்டும். நர்சரி, பேக்கரியில் பேக்கிங், பைண்டிங், லாண்டரியில் துணி மடிப்பது எல்லாம் பார்க்கலாம். பில்லிங், டெலிவரி, வாட்ச்மேன் இரவு ஷிப்ட் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் நாலு மணி நேரம் போதும். வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து டாஸ்மாக் போகிற இடமாக இருந்தால், சம்பளம் எவ்வளவு ஆனாலும் சேர்க்காதீர்கள், ‘வா’ என்றால் போய்விடுவான்.

முதலாளியிடம் அக்கா குடித்ததைச் சொல்லத் தேவையில்லை, அது குடும்ப விஷயம். ‘ஞாபகம் குறைவு, ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தப்பு நடந்தால் முதலில் எனக்கு போன் செய்யுங்கள்’ இவ்வளவுதான். சம்பளம் வங்கிக்குப் போகட்டும், ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும். இதை அவனோடு பேசி, அவன் சம்மதத்தோடு செய்யுங்கள், பெரிய பையன் அல்லவா.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகள் இருக்கின்றன, அவனுடைய பாதிப்பு அதில் தனிப் பெயராக இல்லை. அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று எது அவனுக்குப் பொருந்துகிறதோ அதன் கீழ்தான் கேட்க வேண்டும். ஐக்யூ மட்டும் பார்த்தால் ‘நார்மல்’ என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு, அன்றாட வாழ்க்கைத் திறனை அளக்கும் விஎஸ்எம்எஸ் பரிசோதனையையும் கேளுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கும் வழி இருக்கிறது. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் (NIEPMD) நிறுவனம் இருக்கிறது, டாக்டர் ரிப்போர்ட்டோடு அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அக்கா மேல் கோபம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அது எனக்குப் புரிகிறது. கர்ப்பத்தில் குடிக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னார்களா, குடியை விட யாராவது உதவினார்களா என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி பக்கமே வேலை தேடுங்கள், பஸ் மாறாமல் நடந்து போகிற தூரமாக இருக்கட்டும். முதல் வாரம் நீங்களும் கூட நடந்து போய், கடை வாசல் வரை விட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம் வாரம் தெருமுனை வரை போதும்.