காயலான் கடைக்கு மூன்று இதழ் குறி போட்ட பெட்டி வந்தால் என்ன செய்வது?

டெல்லியில் காயலான் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில், உடைக்காதீர்கள். அளவுக்கு மீறிக் கனக்கிறதா, மஞ்சளில் விசிறி மாதிரி மூன்று இதழ் (கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறி) தெரிகிறதா, அப்படியே போட்டுவிட்டு ஆட்களோடு தள்ளிப் போங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகும்; செலவே இல்லாத கவசம். அப்புறம் 112-ஐக் கூப்பிடுங்கள். தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாடு வேண்டாம், பீடியும் வேண்டாம்.

2010-இல் டெல்லியின் மாயாபுரி காயலான் சந்தையில், டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60, கதிர்வீச்சு வீசும் உலோகம். வாசனை கிடையாது, பார்வைக்கு வெறும் உலோகம். ஒருவர் துண்டு ஒன்றைப் பர்சில் செருகிக்கொண்டார், பின்புறம் புண்ணாகிப்போனது. இன்னொருவர் இறந்தே போனார். கடையில் யாருக்காவது காரணமில்லாமல் வாந்தி, தோல் கறுப்பு, முடி உதிர்தல் என்றால் டாக்டரிடம் பெட்டியைப் பற்றியும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.