பொலிஸ் கணக்கை வைத்து மலையகத்தில் போதைக் குற்றம் கூடுதல் என்று சொல்லலாமா?

ஹட்டன் பக்கத்துப் பொலிஸ் பதிவுகளை மட்டும் வைத்து, "தோட்டப் பகுதியில் போதைக் குற்றம் கூடுதல்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம்தான். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

டிசம்பர் போயா (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். நாடு முழுவதிலுமிருந்து ஹட்டன் வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குச் சனம் வந்துகொண்டே இருக்கும். வழியில் பொலிஸார் மோப்ப நாயோடு நின்று பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள். கஞ்சாவோடு பிடிபடுகிற பையன் காலியிலிருந்தோ கம்பஹாவிலிருந்தோ வந்திருப்பான். வழக்கு பிடித்த ஸ்டேஷனின் கணக்கில்தான் ஏறும். அதை உள்ளூர்ச் சனத்தொகையால் வகுத்தால் பழி கொழுந்து பறிக்கிறவர்கள் தலையில் விழும். பிடிபட்டவரின் ஊர் தெரியாவிட்டால் வீதம் போடவே வேண்டாம். குறைந்தது சீசன் மாதங்களையாவது தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், வேறு மாதிரித் தலைவலி. ரெய்டு போனால்தான் வழக்கு. கறாரான ஓ.ஐ.சி. (ஸ்டேஷன் பொறுப்பதிகாரி) ஒருவர் மாற்றலாகி வந்தால் அந்த வருடம் எண்ணிக்கை ஏறும். குடி கூடியிருக்க வேண்டியதில்லை. மனைவியை அடிப்பது இதற்கு நேர்மாறு. ஸ்டேஷனுக்குப் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிற இடங்களும் உண்டு. அதற்கு முன்பே தோட்டத் தலைவர், "பேசித் தீர்த்துக்கலாம்மா" என்று திருப்பி அனுப்பியிருப்பார். ஆக, ஒரே ஸ்டேஷன் புத்தகத்தில் ஒரு குற்றம் ஊதியும் இன்னொன்று சுருங்கியும் கிடக்கிறது. பதிவான குற்றத்துக்கும் பதிவாகாததற்கும் உள்ள விகிதம் மாறாது என்று 1830களில் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்தலே எடுத்துக்கொண்டார். அந்த அனுமானம் நம் ஊரில் நிற்காது.

சரி, வீடு வீடாகப் போய்க் கேட்கலாமே என்பீர்கள். லயத்தில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டக் குடியிருப்பில், ஒரு காம்பராவில் நீங்கள் கேட்பது பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். புருஷன் வாசலில் நிற்க, எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? 2019இல் நாடு முழுவதும் நடந்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர். பயிற்சி பெற்ற பெண்கள் தனிமையில் வைத்துக் கேட்டதால்தான் அந்தளவாவது வெளியே வந்தது. வினாக்கொத்தை விட, எங்கே வைத்து, யார் கேட்பது என்பதில் உங்கள் நேரத்தைச் செலவழியுங்கள்.

கொலைக் கணக்கை மட்டும் ஓரளவு நம்பலாம், பிணத்தை மறைப்பது கஷ்டம். ஆனால் ஒரு பொலிஸ் பிரிவுக்குள் எண்ணிக்கை சிறியது. இரண்டு கூடினாலே வீதம் எகிறிவிடும். ஐந்தாறு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.