தந்தி போல் பாவிக்கவும்

கேள்வி: தாத்தாவுக்கு வந்த பழைய கடிதங்களைப் பரணில் இருந்து எடுத்துப் படித்தேன். ‘உபயகுசலோபரி’, ‘இக்கடிதத்தைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்’... ஆஹா, என்ன அழகுத் தமிழ்! இவற்றை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவர உங்கள் பத்திரிகை ஓர் இயக்கம் தொடங்கினால் என்ன?
- வாசகர், மன்னார்குடி

பதில்: உபயகுசலோபரி தமிழே இல்லை ஐயா, சுத்த சமஸ்கிருதம். ‘இரு பக்கமும் சௌக்கியம், மேற்கொண்டு விஷயம் என்னவென்றால்’ என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற சொல். அதை விடுங்கள்.

‘தந்தி போல் பாவித்து’ இருக்கிறதே, அதுதான் சரக்கு. தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு, அதனால் பெரும்பாலும் சாவுக்கும் ஆபத்துக்கும்தான் கொடுப்பார்கள், தந்திச் சேவகரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே, உறையைப் பிரிக்குமுன், ஒப்பாரியை ஆரம்பித்த வீடுகள் உண்டு. (கல்யாணத்துக்கு வாழ்த்துத் தந்தியும் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், அந்த எண்ணுக்கு உரிய ரெடிமேட் வாழ்த்து போய்ச் சேரும். இன்றைய பார்வேர்டு மெசேஜுக்குப் பாட்டன்.) ஆக, விஷயம் அவசரம், ஆனால் வயிற்றையும் கலக்கக் கூடாது, காசும் மிச்சமாக வேண்டும் என்று நினைத்தவர்கள் கார்டில் இந்த வரியைச் சேர்த்தார்கள். கார்டு என்னவோ ஆடி அசைந்து மூன்றாம் நாள்தான் வரும், படிக்கிறவர் மட்டும் அலறி அடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும்! என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். இன்று ‘தந்தி போல்’ என்று எழுதினால், “பேப்பரையா சொல்றீங்க?” என்று உங்கள் பையனே கேட்பான். தந்தி போனபின் அந்த வரியை மட்டும் பிடித்து இழுத்து வந்து என்ன செய்ய? பாவிப்பதை நாம் ஒன்றும் விட்டுவிடவில்லை. ‘நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து’ என்று கல்யாணப் பத்திரிகை இப்போது வாட்ஸப்பில் போட்டோவாக வருகிறது, போகாவிட்டால் கோபம் மட்டும் நேரில் வந்து அழைத்த அளவுக்கு இருக்கிறது.

அதனால் இயக்கம் எல்லாம் வேண்டாம். தாத்தாவை அப்படி அவசரமாகக் கூப்பிட்டது யார், எதற்கு, அவர் போனாரா இல்லையா? கேள்வி கேட்ட வேகத்தில் கதையையே விட்டுவிட்டீர்களே! எழுதி அனுப்புங்கள், போடுகிறேன். இந்தக் கேள்வி மாதிரி வாட்ஸப்பில் வேண்டாம், அஞ்சலட்டை இன்னும் 50 பைசாதான்.