கடப்பாறை இறங்காத மண்ணில் வேர் எப்படி இறங்கும்?

சுண்ணாம்புக்கல் குவாரியை நிரப்பிச் சமன்செய்து வேம்பும் புங்கனும் நட்டோம். முதல் வருடம் தளதளவென்று நின்றவை, இரண்டாம் கோடையில் பாதிக்கு மேல் பட்டுவிட்டன. என்ன நோய்? – அரியலூர் வாசகர்

நோயாக இருக்காது. பட்டுப்போன கன்று ஒன்றைத் தோண்டி வேரைப் பாருங்கள். குழியின் வடிவத்திலேயே வேர் சுருண்டிருந்தால், தொட்டிச் செடியைத்தான் தரையில் வளர்த்திருக்கிறீர்கள். டிப்பரும் புல்டோசரும் ஓடி ஓடி நிலம் இறுகிவிட்டது. குழியில் போட்ட நல்ல மண்ணைத் தாண்டி வேருக்குப் போக்கிடம் இல்லை.

சந்தேகமிருந்தால் இரண்டடிக் குழி வெட்டி மாலையில் நீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் அப்படியே நின்றால் அடிமண் இறுகியிருக்கிறது என்று பொருள். கோடையில், மண் நன்றாகக் காய்ந்தபின், உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக உழுங்கள். ஈரத்தில் உழுதால் கலப்பை மண்ணைப் பிளக்காது; வழுக்கிக்கொண்டு போகும், டீசல்தான் வீண். மீண்டும் நடும்போது கொழுந்தைக் கவனியுங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் வழக்கமாக வருவதுதான்.

மேல்மண்ணை எடுத்துப் பல வருடங்களாகக் குன்றுபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்பப் பரப்பினால் போதுமா? – அதே ஊர், இன்னொருவர்

போதாது. உயரக் குவித்த மண்ணின் உள்ளே காற்றுப் போகாது. விதைகளும் வேரோடு வாழும் பூஞ்சைகளும் வருடக்கணக்கில் கிடந்து செத்துவிடும். பரப்பும்போது பார்வைக்கு மண்தான், உயிர் இருக்காது. தொழுவுரமும், அருகிலுள்ள காட்டிலிருந்து கூடை கூடையாக உயிர்மண்ணும் கலந்தாக வேண்டும். மேல்மண்ணைத் தனியே சேமித்து நிலத்தைச் சீரமைக்கப் பயன்படுத்த வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. மரத்தைச் சொல்லாமல் புல்லைச் சொன்னார்களே, அதில் எனக்கு மகிழ்ச்சி.

நெய்வேலி மண்மேடு போன்ற இடத்தில் முதலில் எதை நடலாம்? – விருத்தாசலம் வாசகர்

நடாதீர்கள், விதையுங்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்து அள்ளிக் கொட்டிய அந்த மண், வெயிலையும் மழையையும் யுகக்கணக்கில் பார்க்காதது. தழைச்சத்து இல்லை, மட்கு இல்லை. சரிவில் கொழுக்கட்டைப்புல்லும் கொழிஞ்சியும், தட்டையான இடத்தில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டும் மழைக்கு முன்னால் தூவுங்கள். நாற்பது நாளில் ஒரு கொழிஞ்சியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கு வரத் தொடங்கிவிட்டது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரை விதையோடு கலந்து மறுபடி விதையுங்கள். வேம்பு, வாகை, ஆவாரை எல்லாம் இரண்டு வருடம் கழித்து நடலாம்.

சீமைக் கருவேலை வேண்டாம். தானாக வருவதைக் காசு கொடுத்து வேறு நட வேண்டுமா?

சேலத்தில் மாக்னசைட் சுரங்கத்தை ஒட்டிய நிலம். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை. – வாசகி

மண்ணில் மெக்னீசியம் மிகுந்து சுண்ணாம்புச்சத்தை ஓரங்கட்டிவிட்டது. மண் பரிசோதனை அளவுப்படி, சுண்ணாம்புச்சத்து தரும் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, வடித்துவிடுங்கள். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போடுவது அழுக்குத் துணிக்குச் சோப்புப் போட்டு அலசாமல் விடுவதுதான்.

கோலார் தங்கவயல் சயனைடு மேட்டின் ஓரத்தில் கீரை போடலாமா? – வாசகர்

கூடாது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டாலும், சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய அரைத்த பாறைப்பொடி அங்கேயேதான் கிடக்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. உண்ணும் எதையும் அதில் வளர்க்க வேண்டாம். நல்ல மண்ணால் மூடி, புல் படரவிட்டு, காற்று வரும் பக்கம் மரவேலி வையுங்கள். ஆடு மாடும் அங்கே மேயக் கூடாது.